சங்கும் மணல் வாளியும்: கர்ப்பகாலத்து மெலடோனின்

ஏழாம் மாதம் நடக்கிற என் அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். "சித்தி, ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. ஆபீஸ்ல ஒரு அக்கா, மெலடோனின் மிட்டாய் வாங்கி மெல்லுன்னு சொல்றாங்க. உடம்புலயே ஊறுறதுதானாம், நஞ்சுக்கொடிகூட அதைச் சுரக்குமாம், அதனால ஒண்ணும் பண்ணாதாம். வாங்கட்டுமா?"

"டாக்டரம்மாகிட்ட கேக்காம வாங்காதேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. அவள் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. மெலடோனின் உடம்பிலேயே ஊறுகிறது என்பது உண்மை. நஞ்சுக்கொடி அதைத் தயாரிக்கிறது என்பதும் உண்மை. அந்த இரண்டையும் சேர்த்து "அதனால் மாத்திரையும் சாதுவானது" என்று எடுக்கிற முடிவுதான் தவறு. அந்தத் தவறு ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பதை அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். உயிரியல் படிக்காதவர்களும் தொடர்ந்து வரலாம்.

மில் சங்கு

மில் உள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்குச் சங்கு தெரியும். குறிப்பிட்ட நேரத்தில் ஊதும், ஊருக்கே கேட்கும். அதைக் கேட்டதும் பகல் வேலைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். அதே சங்கைக் கேட்டு இரவு ஷிப்டுக்காரர் டிபன் தூக்கோடு கேட்டுக்குள் நுழைவார். சங்கு யாரையும் தூங்கு என்றோ வேலை செய் என்றோ சொல்வதில்லை. நேரத்தைச் சொல்கிறது. கேட்டவர் அவரவர் வேலையைப் பார்க்கிறார்.

மெலடோனின் இந்தச் சங்கு மாதிரி. அது ஒரு ஹார்மோன். அதாவது உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தோடு போய், தொலைவில் உள்ள உறுப்புகளுக்குச் சேதி சொல்லும் பொருள். மூளையின் நடுவே பட்டாணியைவிடச் சிறிதாக உட்கார்ந்திருக்கும் பினியல் சுரப்பி இருட்டிய பின் அதைச் சுரக்கிறது. "இரவு வந்துவிட்டது" என்பதுதான் சேதி. மனிதருக்கு அது ஓய்வுக்கு அடையாளம். எலிக்கும் இரவில்தான் மெலடோனின் ஏறுகிறது, அது அப்போதுதான் இரை தேடக் கிளம்புகிறது. தூக்க மருந்தாக இருந்தால் இது நடக்குமா? "தூக்க ஹார்மோன்" என்ற பட்டப்பெயரை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். இருட்டின் ஹார்மோன் என்றால் பொருந்தும்.

அதன் பெயருக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மாட்டின் பினியல் சாற்றைக் கொடுத்தால் தவளைக் குஞ்சுகளின் தோல் வெளுக்கிறது என்று 1917இலேயே கவனித்திருந்தார்கள். வெண்புள்ளி போன்ற தோல் கோளாறுகளுக்கு வழி தேடிக்கொண்டிருந்த யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், ஆயிரக்கணக்கான மாட்டுப் பினியல்களிலிருந்து 1958இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். தோலின் கருமைக்குக் காரணமான மெலனினை நினைத்து வைத்த பெயர் இது. மனிதத் தோலில் அது வேலை செய்யவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அளவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், பின்னால் வேண்டியிருக்கும். பகலில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 பிகோகிராமுக்கும் குறைவாக இருக்கும். நடு இரவில் சுமார் 60, 70 வரை ஏறும். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு துளியை வைத்துக்கொண்டுதான் உடம்பு இரவை அறிந்துகொள்கிறது.

சங்கை ஊதுவது யார்?

பினியல் தானாக ஊதுவதில்லை. அதற்கு நேரம் பார்த்துச் சொல்ல ஒரு கடிகாரம் உண்டு. இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. அதை உடல் கடிகாரம் என்போம். அது ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் தானே ஓடும், ஆனால் கொஞ்சம் முன்பின்னாக ஓடும். வெளிச்சம்தான் அதைத் தினமும் சரியாகத் திருப்பி வைக்கிறது.

இதற்கென்றே விழித்திரையில் தனிச் செல்கள் உள்ளன. பொருள்களைப் பார்க்க உதவுவதைவிட, வெளியே பகலா இரவா என்று கடிகாரத்துக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. நீல வெளிச்சத்துக்கு அவை அதிகமாக அசைந்து கொடுக்கும். இரவில் வலுவான வெளிச்சம் பட்டால் மனிதருக்கு மெலடோனின் சட்டென்று இறங்குகிறது என்று 1980இல் நிரூபித்தார்கள். நடு இரவில் போட்ட டியூப்லைட் சங்கின் வாயைப் பொத்துகிற கை மாதிரி.

இதுவரை பார்த்தது: மெலடோனின் இரவின் சேதி. அதைச் சுரப்பது பினியல், நேரம் பார்ப்பது உடல் கடிகாரம், கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம். இனி வயிற்றுக்குள் போவோம்.

இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர்

நஞ்சுக்கொடியை ஊரில் நச்சுக்கொடி, நஞ்சு என்றெல்லாம் சொல்வோம். இலங்கைப் பாடநூல்களில் சூல்வித்தகம். கர்ப்பம் தரித்த பின் உருவாகி, பிள்ளை பிறந்ததும் கழன்று விழும் தற்காலிக உறுப்பு அது. நிறைமாதத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சிறிதாக, சுமார் அரைக் கிலோ எடையில் இருக்கும். தொப்புள்கொடி அதிலிருந்துதான் பிள்ளைக்குப் போகிறது.

தாயின் ரத்தம் அப்படியே பிள்ளைக்குள் ஓடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓடுவதில்லை. நஞ்சுக்கொடிக்குள் மரவேர் போலக் கிளைத்த விரல்கள் தாயின் ரத்தத்தில் மூழ்கிக் கிடக்கும். அந்த விரல்களுக்குள் பிள்ளையின் ரத்தம் ஓடும். நடுவே ஒரு மெல்லிய சுவர். அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வர முடியாது. ஆனால் சில பொருள்களைச் சுவரே எடுத்துக் கொடுக்கும், சிலவற்றைத் தடுக்கும், சில தாமாகவே ஊடுருவிவிடும்.

மெலடோனின் தாமாக ஊடுருவும் ரகம். சின்ன மூலக்கூறு, கொழுப்பிலும் கரையும், செல்களின் உறைகளைச் சிரமமில்லாமல் தாண்டிவிடும். தாயின் ரத்தத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் பிள்ளையின் ரத்தத்திலும் ஏறுகிறது.

பிள்ளைக்கு இது ஏன் வேண்டும்? கருவறை இருட்டு. பிள்ளையின் பினியல் இன்னும் முதிரவில்லை, தானாகச் சங்கு ஊதத் தெரியாது. ஆனால் அதன் உடல் கடிகாரம் உருவாகிவிட்டது. 18 வாரக் கருவின் கடிகாரச் செல்களிலேயே மெலடோனின் ஏற்பிகள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஏற்பி என்பது செல்லின் வாசலில் பொருத்திய காது. குறிப்பிட்ட ஒரு சேதி வந்தால் மட்டும் அது கேட்கும். காது இருக்கிறது, சொந்தச் சங்கு இல்லை. ஆகவே அம்மாவின் சங்கு பொதுச் சுவர் வழியாக உள்ளே கேட்கிறது. வெளியே பகலா இரவா என்று பிள்ளைக்குத் தெரியவரும் வழிகளில் இது முக்கியமானது. சாப்பாட்டு நேரம், உடல் வெப்பம், மற்ற ஹார்மோன்கள் என்று வேறு சேதிகளும் போகத்தான் செய்கின்றன.

இதைக் காட்டிய ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹாம்ஸ்டர் என்ற எலி இனத்தில், கர்ப்பமான தாயின் உடல் கடிகாரத்தை அழித்துவிட்டார்கள். பிறந்த குட்டிகள் ஆளுக்கொரு நேரத்தில் விழித்தன, ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட தாய்க்குக் கர்ப்பகாலத்தில் தினம் ஒரே நேரத்தில் மெலடோனின் ஊசி போட்டபோது குட்டிகள் ஒரே தாளத்துக்கு வந்தன. ஊசி போட்டது தாய்க்கு, நேரம் தெரிந்தது குட்டிக்கு.

மாதம் ஏற ஏற

கர்ப்பத்தில் தாயின் மெலடோனின் அளவு நிலையாக இருப்பதில்லை. இரவு நேர அளவு 24 வாரத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கி, 32 வாரத்துக்குப் பின் தெளிவாக உயர்ந்து, பிரசவம் வரை உச்சத்தில் நிற்கிறது. பிரசவமான இரண்டாம் நாளே கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களில் இன்னும் அதிகம். ஜப்பானிய மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படத்தைத் தந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தூக்கம் மிக மோசமாகக் கெடுவது எப்போது? கடைசி மூன்று மாதங்களில். மெலடோனின் உச்சத்தில் இருப்பது எப்போது? அதே மூன்று மாதங்களில்! என் அக்கா மகள் தூங்காததற்கு மெலடோனின் பற்றாக்குறை காரணம் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவது, நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் இழுப்பு, சரியாகத் திரும்பிப் படுக்க முடியாத வயிறு, உள்ளே உதைக்கிற பிள்ளை, பிரசவத்தைப் பற்றிய பயம் என்று காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கான வழியை மருத்துவரிடம் தனித்தனியாகக் கேட்கலாம்.

சரி, இந்தக் கூடுதல் மெலடோனின் எங்கிருந்து வருகிறது? பிரசவமானதும் நஞ்சுக்கொடி வெளியே போகிறது, அளவும் விழுகிறது. இரட்டைக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடித் திசு அதிகம், அளவும் அதிகம். இரண்டையும் பார்த்தால் கை நஞ்சுக்கொடியைத்தான் காட்டுகிறது. ஆனால் ஏறுவது இரவு அளவுதான், பகலில் குறைவாகவே இருக்கிறது. வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாத நஞ்சுக்கொடி நேராக ரத்தத்தில் கொட்டினால் பகல் அளவும் கூடியிருக்க வேண்டாமா? கர்ப்ப ஹார்மோன்கள் பினியலைத் தூண்டி அதிகம் சுரக்க வைக்கலாம் என்ற விளக்கமும் இருக்கிறது. ஆய்வாளர்களிடையே இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. "நஞ்சுக்கொடிதான் அம்மாவுக்கு மெலடோனின் சப்ளை செய்கிறது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மணல் வாளி

நஞ்சுக்கொடி மெலடோனின் தயாரிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. கனடாவின் கியூபெக் மாநில ஆய்வாளர்கள் 2008இல் மனித நஞ்சுக்கொடிச் செல்களிலேயே இதைக் காட்டினார்கள்: தயாரிக்கும் நொதிகள் (செல்லுக்குள் வேதி வேலைகளை நடத்தும் புரதங்கள்) உள்ளன, தயாராகும் மெலடோனின் உள்ளது, அதைக் கேட்கும் ஏற்பிகளும் அங்கேயே உள்ளன. ஆக, அங்கே தயாராவது பெரும்பாலும் அந்த இடத்துக்கே பயன்படுகிறது என்பதே இன்றைய புரிதல்.

பெட்ரோல் பங்கில் கம்பியில் வரிசையாகத் தொங்கும் சிவப்பு வாளிகளை எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே மணல். தீப்பொறி பட்டால் உடனே எடுத்துக் கொட்ட. அதற்கு நேரம் காலம் கிடையாது. இரவும் பகலும் தொங்கும். ஊருக்குச் சேதி சொல்வது அதன் வேலை இல்லை. தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நஞ்சுக்கொடி தயாரிக்கும் மெலடோனின் இந்த வாளி மாதிரி.

அங்கே என்ன தீ? நஞ்சுக்கொடி இரவு பகல் பாராமல் உழைக்கும் உறுப்பு. ஆக்சிஜனை எரித்துச் சக்தி எடுக்கும் எந்தச் செல்லிலும் தீப்பொறி மாதிரி சில துடிப்பான மூலக்கூறுகள் உண்டாகும். அவை பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், மரபுப் பொருள் எதையும் கடித்துச் சேதப்படுத்தும். கடற்கரை வீட்டு இரும்புக் கதவு துருப்பிடிப்பதும் இதே குடும்பத்து வேதியியல்தான். சாதாரணமாக உடம்பு இந்தப் பொறிகளை அவ்வப்போது அணைத்துவிடும். அணைக்கும் வேகத்தைவிடப் பொறிகள் அதிகமானால் அந்த நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். நஞ்சுக்கொடிக்கு வரும் ரத்தம் தடைபட்டுத் தடைபட்டு ஓடினால் இது இன்னும் கூடும்.

மெலடோனின் இந்தப் பொறிகளைத் தானே அணைக்கும். அணைக்கிற மற்ற நொதிகளையும் முடுக்கிவிடும். ஆய்வகத்தில் நஞ்சுக்கொடிச் செல்களை ஆக்சிஜன் தட்டுப்பாட்டுக்கும் பிறகு திடீர் வரத்துக்கும் உட்படுத்தியபோது, மெலடோனின் இருந்த செல்கள் குறைவாக மடிந்தன.

ஆக, ஒரே மூலக்கூறுக்கு இரண்டு வேலை. பினியல் மெலடோனின் ஊருக்கெல்லாம் இரவைச் சொல்லும் சங்கு, வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டது. நஞ்சுக்கொடி மெலடோனின் இருக்கிற இடத்தைக் காக்கும் மணல் வாளி, வெளிச்சத்துக்குக் கட்டுப்படாதது. பேச்சில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் "ஒண்ணும் பண்ணாது" பிறக்கிறது.

வாளி காலியானது முன்பா, பின்பா?

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் போவது, அல்லது கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது ப்ரீ-எக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும். பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று பயந்தது அதைத்தான். நஞ்சுக்கொடி சரியாக வேரூன்றாமல், அதற்குப் போதிய ரத்தம் வராமல் போவதிலிருந்து இது பெரும்பாலும் தொடங்குகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் அங்கே அதிகம்.

இந்த நோய் உள்ள தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் மெலடோனினும், அதைத் தயாரிக்கும் நொதியும், ஏற்பிகளும் குறைந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நோய் கடுமையானால் தாயின் இரவு நேர ரத்த அளவும் குறைகிறது. உடனே "மெலடோனின் குறைவால்தான் பிரசர் வருகிறது, மாத்திரை போட்டால் போச்சு" என்று தாவத் தோன்றும். தாவக் கூடாது. வாளி காலியாக இருந்ததால் தீ பரவியதா, தீயை அணைத்து அணைத்து வாளி காலியானதா? எரிந்து முடிந்த இடத்தில் காலி வாளியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

மெல்போர்னில் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த 20 பெண்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் மெலடோனின் கொடுத்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் கண்டறிந்ததிலிருந்து பிரசவம் வரையான இடைவெளி, முன்பு அதே நோயோடு வந்தவர்களைவிடச் சராசரியாக ஆறு நாள் நீண்டது. குறைமாதப் பிள்ளைக்கு ஆறு நாள் பெரிய வரம், அதனால் இந்த ஆய்வை நான் ஆசையோடுதான் பார்க்கிறேன். ஆனால் 20 பேர் மட்டுமே. ஒப்பிட்டது பழைய நோயாளிகளோடு, குலுக்கல் முறையில் பிரித்த இன்னொரு குழுவோடு அல்ல. இது நம்பிக்கை தரும் தொடக்கம். கடைக்குப் போய் வாங்குவதற்கான சீட்டு அல்ல.

மிட்டாயில் எவ்வளவு?

இப்போது அந்தப் பிகோகிராம் கணக்குக்கு வருவோம். பினியல் ஒரு இரவு முழுக்கச் சுரப்பது சுமார் 10 முதல் 80 மைக்ரோகிராம். கடையில் கிடைப்பது 3, 5, 10 மில்லிகிராம். அதாவது 3,000, 5,000, 10,000 மைக்ரோகிராம். விழுங்கியதில் பெரும்பங்கைக் கல்லீரல் அழித்துவிடும். அப்படியும் 1 முதல் 5 மில்லிகிராம் எடுத்தால் ரத்தத்தில் வழக்கமான இரவு உச்சத்தைப்போல 10 முதல் 100 மடங்கு ஏறுகிறது. சுவர் அதைத் தடுக்காது என்று மேலே பார்த்தோம். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு, ஊர்ச் சங்கைக் காதருகே வைத்து ஊதுவது மாதிரி இது. பெரியவர்களின் ரத்தத்தில் மெலடோனின் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆகாது. குறைமாதக் குழந்தைகளில் அதற்குச் சுமார் 15 மணி நேரம் ஆவதாக அளந்திருக்கிறார்கள். இரவில் ஊதிய சங்கு மறுநாள் மதியம் வரை ஒலித்தால் அது எந்த நேரத்தைச் சொல்லும்?

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கவலை. கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. எட்டில் செரட்டோனின் என்ற வேறொரு பொருளும் கலந்திருந்தது. பிரிட்டனில் மெலடோனின் மருத்துவர் சீட்டோடு மட்டுமே கிடைக்கும். மிட்டாய் டப்பாவில் வருவதாலேயே ஒரு ஹார்மோன் மிட்டாய் ஆகிவிடாது.

கர்ப்பத்தில் அதைத் தாமாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆய்வுகள் இல்லை. தெரியாமல் ஒன்றிரண்டு சாப்பிட்டுவிட்டவர்கள் பதற வேண்டாம். நிறுத்திவிட்டு, அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெளிச்சம் நம் கையில்

மாத்திரை இல்லாமல் சங்கை அதன் போக்கில் ஊத விடலாம். காலையில் கொஞ்ச நேரம் வாசலிலோ மொட்டை மாடியிலோ வெளிச்சத்தில் நிற்பது, இரவில் படுக்கையறையை இருட்டாக வைப்பது, போனைத் தள்ளி வைப்பது. பாத்ரூம் போக எழும்போது டியூப்லைட் வேண்டாம். மஞ்சள் ஜீரோ வாட் பல்ப் ஒன்று தாழ்வாக எரியட்டும். முழு இருட்டில் தடவிக்கொண்டு போய்த் தடுக்கி விழுவது இன்னும் ஆபத்து.

இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ்கள், கால் சென்டர் பெண்களை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. டென்மார்க்கில் 22,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது. எட்டு வாரத்துக்குப் பின், ஒரே வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அடுத்த வாரம் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. மெலடோனின்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் கர்ப்பிணிக்கு இரவு ஷிப்டைக் குறைத்துக் கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்க இது ஒரு நல்ல காரணம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

சுவர் விழுந்த பிறகு

பிரசவ வலி இரவிலோ விடியற்காலையிலோ தொடங்குவது சகஜம். கருப்பைத் தசையிலும் மெலடோனின் ஏற்பிகள் உண்டு. ஆய்வகத்தில் அந்தத் தசைச் செல்களுக்கு மெலடோனினைச் சேர்த்துக் கொடுத்தால், வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் ஹார்மோனின் வேலை வலுக்கிறது.

பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடி விழுகிறது. சங்கொலி கேட்ட சுவரும் இல்லை. பிள்ளையின் சொந்தப் பினியல் தாளத்தோடு சுரக்க இன்னும் 9 முதல் 12 வாரம் ஆகும். கைக்குழந்தை ராத்திரி பகல் தெரியாமல் விழித்திருப்பதற்கு இது ஒரு காரணம். அது பிள்ளையின் பிடிவாதமும் இல்லை, தாயின் வளர்ப்புக் குறையும் இல்லை.

அந்த இடைவெளியில் ஒரு வழி திறந்திருக்கிறது. தாய்ப்பாலில் இரவில் மெலடோனின் இருக்கும், பகலில் ஏறக்குறைய இருக்காது. இதை என் அக்கா மகளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ நான் திரும்ப வேலைக்குப் போனா, பீச்சி வெக்கிற பால் டப்பா மேல நேரத்தையும் எழுதணுமா சித்தி?"

"எழுதும்மா. ராத்திரி பீச்சினதை ராத்திரிக்கே குடுக்கச் சொல்லு."